தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு

ஆயிரத்து அறுநூற்றுப் பதினோரு நாள்.
ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும்,
சட்டம் அப்படி.
"அடியும், குத்தாலம்" என்றார்.
பாளையங்கோட்டை வெயில்
ஜன்னல் கம்பி வழியாக
அவர் கறுப்புக் கோட்டில் கோடு கிழித்திருந்தது.
கோட்டில் அந்துருண்டை வாசம்.

வழக்கு சிறிசுதான்.
பாப்பாக்குடி ஆவுடையம்மாளுக்கு ஒன்றரை ஏக்கர்,
ஏழாம் மடைப் பாசனம்.
மேலவயல்காரன் மடைவாயில் சிமெண்டு பூசிவிட்டான்.
வக்காலத்தில் ச. அருமைநாயகம் என்ற கையெழுத்து.
குறுக்கு விசாரணையில் அவர் குரல் உயர்ந்து
நான் கேட்டதில்லை.
பொய்ச் சாட்சிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொல்வார்.
அவன் குடித்து முடிக்கிறவரை
கூண்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.
பாதித் தம்ளரில் உண்மை வந்துவிடும்.

பிறகு தேர்தல்.
அம்பாசமுத்திரம் கூட்டத்தில் ஒரே பேச்சு:
"மடைக்கு மடை தண்ணி.
அஞ்சு வருசம் வாய்தா கொடுங்க, போதும்."
சிரித்தார்கள்.
கொடுத்தார்கள்.
நெல்லை எக்ஸ்பிரஸில் பெட்டியை ஏற்றினவன் நான்தான்.

கட்டுகள் ஜூனியரிடம் போயின.
ஜூனியர் மதுரைக்குப் போனான்.
கட்டுகள் அலமாரிக்குப் போயின.
ஒரு புதன்கிழமை
ஆவுடையம்மாள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள்.
நான் எதிர் டீக்கடையில் நின்று
டிவியில் அவர் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆஜரின்மையால் தள்ளுபடி.

இப்போது தோற்றுத் திரும்பி வந்திருக்கிறார்.
சொல்லச் சொல்ல அடிக்கிறேன்.

"என் இருக்கை தூணுக்குப் பின்னால் இருந்தது.
கை தூக்கினால் தூணுக்குத்தான் தெரியும்.
மடை பற்றிய என் கேள்வி
நான்கு கூட்டத்தொடர் குலுக்கலில் விழவில்லை.
விழுந்த அன்று அவை ஒத்திவைப்பு.
எழுத்தில் கிடைத்த பதில்:
விவரங்கள் திரட்டப்படுகின்றன, மேசையில் வைக்கப்படும்.
எந்த மேசை என்று
காலி செய்து வருகிற நாள்வரை
எனக்குத் தெரியவில்லை.

ஒரு மசோதா ஒன்பது நிமிடத்தில் நிறைவேறியது.
ஆம் என்றார்கள். நானும் ஆம் என்றேன்.
அதில் என்ன இருந்தது என்பதை
ராத்திரி அறையில் வைத்து வாசித்தேன்."

கை நின்றுவிட்டது.
"இதையுமா ஐயா?"
"பிரமாண வாக்குமூலம்லா. அடியும்."

"ஒரு ரயில்வே கீழ்ப்பாலம் கொண்டுவந்தீங்களே..."
"மழைக்கு அதில் மீன் பிடிக்கான். விட்டுரும்."

பத்தொன்பது பக்கம்.
ஆவுடையம்மாள் பெஞ்சில் இருந்தாள்.
மடியில் தண்ணீர்த் தீர்வை ரசீது ஐந்து,
வராத தண்ணீருக்குத் தவறாமல் கட்டினது.
ஒன்றும் கேட்கவில்லை அவள்.
மின்விசிறிதான் முனகிக்கொண்டே சுற்றியது.

வாசித்துப் பார்த்துவிட்டு நானே சொன்னேன்:
"ஜட்ஜ் இதை ஏத்துக்கிட மாட்டாரு ஐயா.
பழைய மனுவில எல்லாம்
ஒரு வரி உண்டுல்லா, அதைப் போட்ருவோம்."

அவருக்கும் தெரியும் அந்த வரி.
முப்பது வருசமாக என் கையாலேயே அடித்த வரி.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஒரே பக்கம் எடுத்தேன்:
வழக்குத் தேதியைக் குமாஸ்தா குறித்து வைக்கத் தவறியதால்
இத்தாமதம் நேர்ந்தது;
வேண்டுமென்றே நேர்ந்ததல்ல.

பொய்யென்றும் சொல்ல முடியாது,
அந்த டீக்கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூட மறந்து பைக்குள் வைத்தார்,
சட்டையில் நீலம் இறங்கியது.
கோர்ட்டு வில்லையை ஒட்டினேன்.
மனு ஏற்கப்பட்டது. செலவுத்தொகை ஐந்நூறு.
வாய்தா பதினேழாம் தேதி.

பத்தொன்பது பக்கத்தையும்
கிழிக்கப் போனேன்.
"ஏ, குத்தாலம், அதை இங்க தாரும்" என்றாள்.
"உமக்கு எதுக்கு?"
"போட்ட ஓட்டுக்கு ரசீது வேண்டாமாக்கும்."

நாலாய் மடித்து
தீர்வை ரசீதுகளோடு சேர்த்து
ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டாள்.