இரண்டு கால்புள்ளி

பைபாஸ் ரோட்டில் மூன்றாம் மாடி.
கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம்.
கறுப்புத் திரையில் ஒரே வரி, மூன்று நாளாக:

‘டிரைவ்’ என்றொரு சொல்.
அதன் பின்னால் கோப்பின் பெயர்,
எந்தச் செருகுவாய், எத்தனையாவது,
எழுதலாமா கூடாதா,
எழுதியதைக் கையிலேயே வைத்திருப்பதா
உடனே வட்டில் இறக்குவதா –
தெப்பக்குளம் போகும் ஷேர் ஆட்டோ மாதிரி
ஏறியவர் மடியில் ஏறியவர்.

இருளப்பன் சொல்கிறான்: பிரித்துவிடு.
கோப்பு வெளியே எங்கே கிடக்கிறது, அது ஒரு ஆப்ஷன்.
உள்ளே ஓடும் இயந்திரம் அதை என்னவென்று காண்கிறது,
அது வேறொன்று.
நடுவில் ஒரு பெயர் மட்டும் போய்வரட்டும்.

சரிதான்.
ஆனால் பழைய வரியை யார் யாரோ
எங்கெங்கோ எழுதி வைத்துவிட்டார்கள்.
எங்கள் தெருவில் 14 என்பது 37 ஆகிப் பத்து வருஷம்,
சிலிண்டர்காரர் இன்னும் 14ஐத்தான் தேடி வருகிறார்.
பழைய எண்ணைச் சுரண்டிய வீட்டில்
அடுப்பு எரிவது தாமதம்.

அது கிடக்கட்டும்.
ஒன்றுமே சொல்லாமல் விட்டால் என்ன அர்த்தம்?

உசிலம்பட்டிப் பால் சங்கத்தில் ஒச்சம்மா
ஒன்றும் சொல்லாமல்தான் விட்டாள்.
இயந்திரத்துக்குள் இயந்திரம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.
காலைப் பால், நூற்றுத் தொண்ணூறு பேர்,
லிட்டரும் கொழுப்பும் ஒவ்வொன்றாய் அடித்தாள்.
சேமித்தாயிற்று என்றது திரை.
எட்டே முக்காலுக்குக் கரண்ட் போனது.
திரும்பி வந்தபோது
கடைசி அறுபத்தொரு பேர் பால் ஊற்றவே இல்லை.

வேகமாக இருக்கட்டும் என்று
சொல்லாத இடத்தில் ‘இறக்காதே’ என வைத்தவள்
நான்தான்.

இப்போது மாற்றுகிறேன்.
சொல்லாவிட்டால் இறக்கு.
வேகம் வேண்டுமென்பவர்
‘ஆபத்து’ என்ற சொல்லைத்
தம் விரலால் தட்டிக் கேட்கட்டும்.

மணி ஏழு. எல்லாம் ஓடுகிறது,
ஒச்சம்மாவின் கோப்பைத் தவிர.
‘கருமாத்தூர், செக்கானூரணி’ என்று பெயர்.
கால்புள்ளியில் வெட்டிவிட்டு
செக்கானூரணி என்றொரு ஆப்ஷனே கிடையாது
என்கிறது நான் எழுதிய நிரல்.

பெயரில் ஒன்று வந்தால் இரண்டாக இடுக –
கையேட்டில் சேர்த்தேன். யார் படிக்கப் போகிறார்கள்?
பெயரை மாற்றலாமா எனக் கேட்கப் போன் போட்டேன்.

“கமாவா? ஊருக்கும் ஊருக்கும் நடுவுல
மூச்சு விட வேணாமா?” என்றாள்.
அந்த அறுபத்தொரு பேர் கணக்கு என்னாயிற்று, கேட்டேன்
தயங்கி.

“அதுக்கென்ன, நோட்டுல இருக்கு.
மொதல்ல நோட்டு.
பெறகுதான் ஒங்க பொட்டி.”