பாதிப் பவளம்

கடையில் அது ஊதா.
நீல விளக்குக்குக் கீழே எல்லாமே ஊதாதான்,
உன் பல்கூட, என்றாள் போக்னா.
இருந்தாலும் வாங்கினோம். இருநூற்று நாற்பது ஸ்வோட்டி.
கட்டோவிட்சேயில் டிசம்பர்.
கரிப்புகை தெருவிளக்கின் கழுத்துவரை நின்றது.
தண்ணீர்ப் பையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு
டிராமில் வந்தேன், வயிறு ஜில்லிட.

ஆறு வருடம்.
கட்டைவிரல் நீளக் கொம்பு
விரித்த கையளவு ஆனது.

அலமாரி, கார், அவள் அப்பாவின் கடிகாரம்
எல்லாம் ஒரே மாலையில் பிரிந்துவிட்டன.
பவளத்துக்குத்தான் இரண்டு நாள் பேச்சு.
கடைசியில் எலும்பு வெட்டும் இடுக்கியை
நட்டநடுவில் வைத்து அழுத்தினேன்.
டக்.
வக்கீலுக்குக் கொடுத்ததை நினைத்தால்
மலிவான வெட்டு.
அவள் பாதி, வாளியில், க்ளிவிட்சேக்குப் போனது.

அதன் பிறகு
மீன்களுக்கு அதிகமாகத் தீனி போட ஆரம்பித்தேன்.
காலையில் ஒரு சிட்டிகை.
பணிமனையிலிருந்து வந்ததும் ஒன்று.
இரவு பதினொன்றுக்கு, டிவியை அணைத்ததும்
வீடு ஒருமாதிரி ஆகுமே, அப்போது ஒன்று.
கோமாளி மீன் இரண்டும் கண்ணாடியோரம் வந்து
வாயைத் திறந்து திறந்து மூடும்.
பேசுகிற மாதிரியே இருக்கும்.

தண்ணீரில் நைட்ரேட் நாற்பது.
சோதனைக் குழாயின் சிவப்பைப் பார்த்தும்
டப்பாவை மூட மனம் வரவில்லை.
பவளத்தின் தோலுக்குள் குடியிருக்கும் பாசி
தின்றது, பெருத்தது, பெருகியது,
ஊதாமேல் தவிட்டு நிறம் ஏறியது.
நுனிகளில் மட்டும் கொஞ்சம் பழைய நிறம்,
தலை நரைத்தவன் புருவத்தில்
மிஞ்சிய கறுப்பு மாதிரி.

விளக்கை மாற்றினேன்.
உப்பை மாற்றினேன்.
கொம்பை ஒரு சாண் மேலே ஏற்றி ஒட்டினேன்.
தீனியை மட்டும் குறைக்கவில்லை.

மார்ச்சில் போன் வந்தது.
பம்ப் சத்தம் போடுகிறதாம்,
கீழ்வீட்டுப் பான் லுட்கார்ட் தடியால் கூரையைத் தட்டுகிறாராம்.

வாசலிலேயே கண்ணில் பட்டது.
ரோஜா நிறம்.
காதுமடலுக்குப் பின்னால் டார்ச் அடித்தால் தெரியுமே,
அந்த ரோஜா.

அழகா இருக்கு இல்ல, என்றாள்.
நான் ஒண்ணுமே செய்யல, தானா இப்படி ஆச்சு.

ஒண்ணுமே செய்யல.
வாரத்தில் நாலு நாள் அவளுக்கு வ்ரோட்ஸ்வாஃபில் வேலை.
தொட்டியில் ஒரே மீன், அதுவும் பாறைக்குப் பின்னால்.
தீனி டப்பாவின் மூடியில் தூசி.
உள்ளிருந்த பாசி கொஞ்சம் கொஞ்சமாய்க் காலிசெய்ய
தோல் மெலிந்து மெலிந்து
வெளிச்சம் எலும்புவரை போகிறது.

தண்ணீர் குடிக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன்.
கடுகு விழுது. அரை எலுமிச்சை.
என் இடுப்பில் ஏறிய நாலு கிலோவை
அவளும் பார்த்தாள். சொல்லவில்லை.

பம்புக்குள் சிக்கியிருந்தது ஒரு நத்தை ஓடு.
எடுத்துப் போட்டேன், சத்தம் நின்றது.
அவள் கைதுடைக்கத் துணி எடுக்கப் போன நேரம்
டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை.
பாறைக்குப் பின்னாலிருந்து மீன் வந்தது,
நம்பாமல், பக்கவாட்டில்.

கதவருகே கேட்டாள்:
உன் பாதி இப்ப என்ன நிறம்?

ஊதா, என்றேன்.

வெள்ளையை அணைத்துவிட்டு
நீல விளக்கை மட்டும் போட்டால்
அது பொய்யில்லை.