நான்கு குதிரை

பொக்கடெல்லோவில் ஆகஸ்ட்.
ஷெட் தகரத்தில் கை வைக்க முடியாது.
உருளைக்கிழங்கு லாரி ஓட்டும் வெர்லின் ஹாட்ச்
தன் பழைய மஸ்டாங்கை
என் அளவுமேடையின் உருளைகள் மேல் ஏற்றினான்.

புதுக் குழாய், பளபள அலுமினியம்,
நுனியில் சிவப்புக் கூம்பாய் ஒரு வடிகட்டி.
முந்நூற்று நாற்பது டாலர்.
அட்டைப்பெட்டி மேல் நீல எழுத்தில்
குளிர்காற்று என்று போட்டிருந்தது.

பானெட்டைத் திறந்துவைத்து
எதிரே பெரிய விசிறியோடு ஓட்டினேன்.
நான்கு குதிரை கூடியது.
மூடி ஓட்டினேன்.
நான்கும் போயின,
போகும்போது இன்னும் இரண்டைக் கூட்டிக்கொண்டு.

கழற்றிப் போட்ட கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி
மூலையில் கிடந்தது.
முகவிளக்குக்குப் பின்னால் மூக்கை நீட்டி
இத்தனை வருடம் அது குடித்ததும்
வெளிக்காற்றுதான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவன் மிதியை அழுத்தி
அந்த உறுமலுக்குத் தலை சாய்த்திருந்தான்.
"கேட்டதா, லொரீன்?"
கேட்டது.
காதுக்கு மட்டும் நாற்பது குதிரை.

திறந்த ஓட்டத்தின் தாளைத்தான்
அச்செடுத்துக் கொடுத்தேன்.
அவன் கேட்டு வாங்கவில்லை. நானே.

நவம்பரில் வந்தான்.
முந்தைய ராத்திரி உறைநிலைக்குக் கீழே பதினொன்று.
இன்கம் மேட்டில் வண்டி பறந்ததாம்.
"குழாய் இப்போதுதான் பழகியிருக்கிறது."

அடர்ந்த காற்று,
ஒரு வாய்க்கு ஒன்றேகால் வாய்.
பில் போடாமல் ஊற்றியிருந்தது அந்த ராத்திரி
ஊரிலிருந்த எல்லா என்ஜினுக்கும்,
கதவு துருப்பிடித்த என் பிக்கப்புக்கும்.

ஆமாம், பழகும் என்றேன்.
ஆயில் மாற்ற
நாற்பது டாலர் வாங்கினேன்.