வெட்டியெடுத்த கல்

வண்டி, டீசல், மதியச் சாப்பாடு, நான்,
எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு.
தண்ணீர் பாட்டில் கணக்கில் வராது.

ஜங்ஷன் ஓட்டல் வாசலில் ஆறே முக்காலுக்கு
துணித்தொப்பியும் கான்வாஸ் ஷூவுமாக
தனியே நின்றிருந்தார் பெனிட்டா துரைராஜ்.
ஈப்போவில் கட்டட மதிப்பீட்டாளர்,
முப்பத்தொரு வருஷ வேலை முடித்தவர்.
"வேற யாரும் வரலையா மேடம்?"
"யாரும் வரக்கூடாதுன்னுதானே
இவ்வளவு காசு."

நெல்லையப்பர் கோயில் இசைத்தூணருகே
மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.
இவர் தூணின் பருமனைச்
சாணால் அளந்தார்.
கிருஷ்ணாபுரத்தில்
ராஜகுமாரனைத் தோளில் தூக்கிப் போகும் குறத்தியைக் காட்டினேன்.
நான் நன்றாகச் சொல்லும் கதை அது,
கெண்டைக்கால் நரம்பில் டார்ச் அடித்துச் சொல்வேன்.
முழுதும் கேட்டுவிட்டு,
"இவளுக்கு இடுப்பு பிடிச்சிருக்குமே" என்றார்.

நடை சாத்தியாயிற்று. சாப்பிட்டுவிட்டு வடக்கே போனோம்.
கயத்தாறில் காற்றாலைகள் சுற்றாமல் நின்றன.
அவற்றைப் பற்றியும் என்னிடம் நாலு வரி உண்டு,
சொல்ல வாயெடுப்பதற்குள்,
"இங்க ஏன் எல்லா மாடியிலும்
கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது?"
"மேல ஒரு மாடி எடுப்போம்னு
ஒரு நம்பிக்கைதான்."
டிரைவர் முப்பிடாதி செருமினான்.
வேப்பமரத்துக்குப் பின்னால்
பூசாத சுவரோடு நிற்கும் மூன்றாவது வீடு யாருடையது என்று
அவனுக்குத் தெரியும்.

கழுகுமலை.
மூன்று மணி வெயிலில் பாறை
இட்லிச்சட்டி மூடி மாதிரி கொதித்தது.
வெட்டுவான்கோயிலைக் குனிந்து பார்க்கிற இடத்தில் நிறுத்தி
தகப்பன் சிற்பி, மகன் சிற்பி,
வீசிய சுத்தியல் என்று
குரலை எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கினேன்.
"ச்சு" கொட்டவில்லை அவர்.

"மலையைக் குடைஞ்சு கோயிலை விட்டுட்டாங்க, சரி.
குடைஞ்ச கல்லெல்லாம் எங்க?"

நீளம் அகலம் ஆழம் என்று
டிக்கெட்டின் பின்புறம் பென்சிலால் பெருக்கி,
இத்தனை வண்டி என்று எழுதி, அடித்து,
வேறொரு எண் எழுதினார்.
நான் கீழே பார்த்தேன்.
சரிவில் நாலு ஆடு, ஒரு சிப்ஸ் பாக்கெட்.
குவியல் எதுவும் இல்லை.
பதினோரு வருஷமாக மிஞ்சியதையே காட்டிக்கொண்டிருக்கிறேன்.
கழித்த பங்கை யாரும் கேட்டதில்லை,
நானும்.

"தெரியலை மேடம்."
கழுத்தில் அடையாள அட்டை தொங்க
அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.
எண்ணுக்குப் பக்கத்தில்
'தெரியலை' என்றே எழுதிக்கொண்டார்.

பாதியில் ஏன் நின்றது என்பதற்கு
மூன்று பதில் வைத்திருந்தேன்,
சண்டை, சாவு, சாபம்.
"காசு" என்றார்,
தொப்பியால் விசிறிக்கொண்டே.
"உச்சி முடிஞ்சிருக்கு, அடி பாக்கி.
மேலிருந்து வந்தவங்க இல்லையா.
உங்க ஊர்ல மத்தவங்க
அடியிலிருந்து போய் நிக்கறாங்க."

திரும்பும்போது பின்சீட்டில் தூங்கிப்போனார்,
ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.
கயத்தாறு வந்ததும் நான் சொல்லாமலே
முப்பிடாதி வேகத்தைக் குறைத்தான்.
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே கட்டின கொடியில்
என் நீலச் சேலை, இருட்டியும் எடுக்காமல்,
ஹெட்லைட்டில் ஒரு நொடி.

"அந்தக் கல்லு பூராம்
கீழ ஊருக்குள்ள வீடாத்தான் நிக்கும்க்கா.
வேற எங்க போவும்?"

ஓட்டல் வாசலில் ஏழாயிரமாகக் கொடுத்தார்.
மீதியைத் துழாவிய என் கையை
வேண்டாம் என்று மடக்கிவிட்டு
படியேறிப் போனார், திரும்பிப் பார்க்காமல்.

ஐந்நூறு.
ஒன்றேகால் மூட்டை சிமெண்ட்.