நகம் சுரண்டிய இடம்

சித்திரைக் கடைசியில் வெட்டினோம். தப்பான மாதம்.
எடவப்பாதி வரட்டும் என்று இருந்திருக்கலாம்.
மின்வாரியத்து ஆள் கம்பியைக் காட்டிச் சத்தம் போட்டதும்
ஸ்டான்லிக்கு வீம்பு.
வாடகை மெஷின், ஒரு மணி நேரம்.
பன்னிரண்டடிச் செம்பருத்தி வேலி
முட்டளவுக் குச்சிகளாய் நின்றது.

எட்டு வருஷமாய் மறைந்திருந்த பக்கம்
இப்போது தெரிகிறது.
எமரன்சியாளின் கிணற்றுக் கப்பி,
கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலி,
கொடியில் ரப்பர் ஷீட்டுக்குப் பக்கத்தில்
ஒரு பாலிடெக்னிக் சட்டை.
அந்தப் பயல் அவ்வளவு வளர்ந்துவிட்டானா?
அவளுக்கும் தெரிந்திருக்கும்,
மத்தியானம் நான் நின்றுகொண்டே சோறு தின்பது.

சர்வேயர் ஒரு சாண் நகர்த்திய எல்லைக்கல்.
அதற்காக நட்ட வேலி இது.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
இத்தனை நாள் நிழலில் கிடந்த பட்டை
வெயில் பழகாதது. வெளுத்தது, பிறகு வெடித்தது.
தென்னோலை கீறி மேற்குப் பக்கம் சாய்த்தேன்.
மூட்டில் சருகு போட்டு மூடினேன்.
வெட்டுவாய்க்கு என்ன பூசுவது என்று தெரியாமல் நிற்கையில்
ஸ்டான்லி, பால்வெட்டுக்குப் போய் வந்தவன்,
ரப்பர் மரத்துக்குப் பூசும் மருந்தில் மிச்சம் இருந்த டப்பாவை
என் முகம் பாராமல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.
அவன் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன்.
பச்சை. அடுத்ததும் பச்சை. அதற்கடுத்தது தவிட்டு நிறம்.
முந்திரி ஆலையில் பதினாறு வருஷம் தோலுரித்த நகம் இது.
பருப்பா சொத்தையா என்று தொட்டாலே தெரியும்.
செடியிடம் அது செல்லவில்லை.
பதினொன்று உயிர், நான்கு போயிற்று,
ஒன்றை என்ன சொல்வதென்று தெரியவில்லை.

ஆத்திரத்தில் யூரியா அள்ளிக்கொண்டு போனேன்.
"இப்பம் வேண்டாம் கேட்டியா.
தளிரு வந்தாத்தான் தாங்கும்."
எட்டு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு,
யூரியாவில் தொடங்கியது.
கையை உதறினேன். பதில் சொல்லவில்லை.
மறுநாள் அவள் பக்கத்திலும் ஓலை சாய்ந்திருந்தது.

மழை பிடித்த நான்காம் நாள்
ஆலையிலிருந்து வரும் பஸ்ஸில்
"வேர்க்கிளம்பி, வேர்க்கிளம்பி" என்றார் கண்டக்டர்.
இத்தனை வருஷம் அது இறங்கும் இடம்.
அன்றைக்கு என்னை ஏதோ விசாரிப்பதுபோல் இருந்தது.
குடை விரிக்காமல் நடந்தேன்.
நுனியில் தேடினேன், இல்லை.
அடித்தண்டில், சருகை ஒட்டி,
கடுகளவு சிவப்பு.

பிறகு மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணீர்.
அதைத் தூக்கிக்கொண்டு திரிந்த எறும்புகள்.
ஒரு சாண் வளர்ந்ததும் கொழுந்தைக் கிள்ள வேண்டும்,
கிள்ளினால்தான் பக்கம் வெடிக்கும்.
தெரியும். இருந்தாலும் முதல் நாள்
கிள்ளாமலே உள்ளே வந்துவிட்டேன்.

செத்த நான்கின் இடத்தில்
மஞ்சள் செம்பருத்திக் கம்புகள் நின்றன, சாய்வாக.
கேட்காமல் நட்டிருக்கிறாள்.
கல்லுக்கு இந்தப் பக்கம். அளந்தேன்,
சரியாக ஒரு சாண்.
விட்டுவிட்டேன்.

எவ்வளவு உயரம் விட, என்கிறான் ஸ்டான்லி.
அவள் குனிந்து தண்ணீர் கோரும்போது மறைக்கட்டும்,
நிமிர்ந்தால் தெரியட்டும்.
அடி அகலமாய், தலை ஒடுங்கி இருக்கட்டும்.
அப்போதுதான் கீழே வெயில் படும்.

அந்த ஒன்று இன்னும் குச்சியாகத்தான் நிற்கிறது.
பிடுங்க மனசில்லை.
காலையில் நான் சுரண்டிவிட்டு ஆலைக்குப் போகிறேன்.
சாயங்காலம் பார்த்தால்
அந்தப் பக்கத்திலும் ஒரு நகத்தடம்.
இரண்டு பேருமாய்ச் சுரண்டியே
கொன்றுவிடுவோம் போலிருக்கிறது.