நாலரை டிகிரி

நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டினாள் ழானிக்,
நடுவே சின்ன லேசர் விளக்கு.
தொண்ணூறு சென்டிமீட்டர் தள்ளிச் சுவரில்
வட்டத்துக்குள் வட்டமாய் ஒரு தாள்.
"நேராகப் பாருங்கள். இதுதான் நடு.
கண்ணை மூடுங்கள்.
இடப்பக்கம் முழுக்கத் திரும்புங்கள்.
இனி நடுவுக்கு வாருங்கள்."

வந்துவிட்டேன் என்றேன்.
சத்தியம் கேட்டிருந்தால் செய்துகொடுத்திருப்பேன்.

கண் திறந்தால்
சிவப்புப் புள்ளி எங்கோ ஓரத்து வளையத்தில்
வெட்கமில்லாமல் மின்னுகிறது.

நாலரை டிகிரி.
மறுபடி. நாலே கால்.
மறுபடி. ஐந்து.
வலப்பக்கம் திரும்பி வந்தாலும்
பிசகு இடப்பக்கமே.

எபேனில் கண்ணாடிக் கட்டடம், ஒன்பதாவது மாடி.
பாரிஸ் வீடுகளில் குழாய் உடைந்தால்
பதினொரு வருடமாய் நான்தான் பைல் திறக்கிறேன்.
யார் யார் கூரையோ என் கழுத்தில் ஒழுகியிருக்கிறது.

தலை ஐந்து கிலோவாம்,
திரையை நோக்கி நீள நீள இருபதாகுமாம்.
தலைக்கனம் என்று மாமியார் சொன்னது
இதை அல்ல.

தலை எங்கே இருக்கிறதென்று
மூளைக்குச் சேதி சொல்பவை
பிடரியின் அடியாழத்துக் குட்டித் தசைகள்.
களைத்துவிட்டால் பார்க்காமலே எழுதிவிடுமாம்,
மாலை ஐந்தரைக்கு நான் அனுப்பும் பதில்கள்போல:
தங்கள் கடிதம் கிடைத்தது,
எல்லாம் முறைப்படி நடக்கிறது.

"இரண்டாவது திரை இடப்பக்கமா?"
ஆமாம் என்றேன். குறித்துக்கொண்டாள்.

திரைக்கு அப்பால் என்ன என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒரு மேசை என்றிருப்பேன்.
சமினாடென் மார்ச்சில் மாண்ட்ரியல் போனான்,
நாற்காலியை யாரோ மீட்டிங் அறைக்கு உருட்டிப்போனார்கள்.
பன்னிரண்டு மணிக்கு தால்பூரிப் பொட்டலம் பிரித்து
பாதியை நீட்டுவான்.
அவ்வளவுதான்.
அதற்குமேல் ஒன்றும் இல்லை.
கம்பளத்தில் சக்கரத் தடம் நான்கு இருக்கிறது,
ஐந்தாவது எங்கே என்று
ஒருநாள் வெகுநேரம் தேடினேன்.

வீட்டில் பயிற்சி.
டார்ச்சைத் தலைமுடிப் பட்டையில் செருகி
சமையலறைச் சுவர்முன் உட்கார்ந்திருக்கிறேன்.
"கரண்ட் போய்விட்டதா?" என்று வந்த கத்ரேஸ்
விஷயம் தெரிந்ததும்
மகளின் அடிக்குச்சியை எடுத்துவந்து
தீவிரமாய் நிற்கிறான்.

கண்ணை மூடி, திரும்பி, வந்தேன்.
"இல்லை, இன்னும் ரெண்டு விரல் வலப்பக்கம்."
நகர்த்தினேன்.
"இன்னும் கொஞ்சம். இதோ. இதுதான் நேர்."

நேரா இது?
யாரோ என் தாடையைப் பிடித்து
வேறெங்கோ திருப்பி வைத்தாற்போல் இருக்கிறது.
"அசையாதே" என்கிறான்.
பத்துவரை எண்ண வேண்டும்.
எண்ணுகிறேன்.