முப்பது மில்லிமீட்டர்

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினான் சகீவன்.
ஹாட்ச்பேக் முப்பது மில்லிமீட்டர் தாழ்ந்தது.
ஷாக் பழசு.
பனி உருகிய மார்ச்சில்
ஸ்காபரோ, மார்க்கம் ரோட்டில்,
ஒரு குழிக்கு நாலு துள்ளல்;
மூன்றாவதில் என் தேநீர் மடியில்,
நாலாவதில் நான் சொன்னது
இங்கே எழுதக்கூடியதல்ல.

ஒன்றும் பேசாமல்
ஓவர்டைம் காசில் வாங்கி வந்தான்,
அந்த ஸ்பிரிங்குக்கென்றே நாலு, மஞ்சளில்.
நிலக்கீழ்த் தரிப்பிடத்தில்
டார்ச் பிடித்தேன், விரல் விறைத்தது.
துருப்பிடித்த போல்ட் ஒன்று
இரவு பதினொன்றரைக்கு இளகியது.

இன்று அதே குழி.
இறங்கியது, எழுந்தது,
ஆட்டம் அத்தோடு அடங்கியது.
தேநீர் கோப்பை விளிம்பை
எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

சிரித்தான்.
தரிப்பிடச் சரிவில் இறங்கும்போது
காரின் அடிவயிறு உரசிய சத்தம்
இருவருக்கும் கேட்டது.
யாரும் சொல்லவில்லை.